செடித் தொட்டி: கடைக்காரர் சொல்லும் வரிசையும் செய்ய வேண்டிய வரிசையும்

சனிக்கிழமை மாலை கடைக்குப் போகிறோம். இரண்டடி மீன்தொட்டி, ஒரு மூட்டைக் கல், விளக்கு, நான்கு கட்டுச் செடி, பிளாஸ்டிக் பையில் பத்து மீன். "இன்றைக்கே எல்லாவற்றையும் போடலாமா?" என்று கேட்டால், தவுக்கே, அதாவது கடை முதலாளி, தலையை ஆட்டி "போலே, போலே" (போடலாம், போடலாம்) என்கிறார். கூடவே ஒரு புட்டி மஞ்சள் மருந்தும் ஒரு பொட்டலம் உப்பும் தருகிறார். செவ்வாய்க்கிழமை முதல் மீன் மிதக்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போகிறோம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். முதலில் பார்த்தது என் வீட்டில்தான்.

தவுக்கேயை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் கடையில் ஒரு மீன் தங்குவது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. அவர் தொட்டியில் மண் கிடையாது, செடி கிடையாது. அடிக்கடி தண்ணீரை மாற்றுகிறார், உப்பும் போடுகிறார். அந்தத் தொட்டிக்கு அவர் சொல்வதெல்லாம் பொருந்தும். நம் தொட்டி ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கப் போவது. மீன் எப்போது வந்து இறங்கியது, எதைத் தின்கிறது என்று அவரிடம் கேளுங்கள், நன்றாகச் சொல்வார். தொட்டியை எப்படித் தயார் செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கீழே உள்ளது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டிக்கான கணக்கு. முதல் வேலையிலிருந்து முதல் மீன் வரை ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் இப்போதே ஒரு ஜாடியும் ஒரு சண்டை மீனும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும்.

1. வாங்கும் முன்

முதல் நாள் வாங்க வேண்டியவை: தொட்டி, அடியில் விரிக்க நுரைத்தகடு, கல் அல்லது மணல், வடிகட்டி, விளக்கு, விளக்குக்கு நேரக்கருவி, குளோரின் நீக்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி. இரண்டு வாளிகளை மீன் வேலைக்கென்றே ஒதுக்குங்கள். சோப்புப் பட்ட வாளி உதவாது.

சோதனைப் பெட்டியைப் பலர் தேவையற்ற செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காசை வெப்பமூட்டியில் போடுகிறார்கள். நம் ஊரில் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை தானாகவே இருக்கும். வெப்பமூட்டியை விற்றால் வாங்காதீர்கள். அதே காசில் சோதனைப் பெட்டி வரும்.

2. இடமும் பாரமும்

இந்தத் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 65 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 85, 90 கிலோவைத் தொடும். அதாவது நன்கு வளர்ந்த ஓர் ஆள், இரவும் பகலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல. தொலைக்காட்சி வைத்திருந்த பலகை மேசை இதைத் தாங்காது. ஓர் ஆண்டில் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கண்ணாடி மூலையில் பிளக்கும்.

மேசை மட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். பிறகு நுரைத்தகட்டை விரித்து, அதன் மேல் தொட்டியை வையுங்கள். மேசையில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அந்த ஒரு புள்ளியில்தான் பாரம் இறங்கும். தகடு அதைச் சமப்படுத்துகிறது. தண்ணீர் ஊற்றிய பிறகு நகர்த்த முடியாது என்பதால் இது முதல் வேலை.

சன்னல் வெயில் நேரே விழும் இடம் வேண்டாம். தண்ணீர் பச்சையாகிவிடும்.

3. கல்லையும் கட்டையையும் சோதிப்பது

ஈப்போவை நோக்கிப் போனால் எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புக்கல் மலை. அழகழகான, ஓட்டை ஓட்டையான கற்கள் சாலையோரத்திலேயே கிடக்கும். கடையிலும் அதே கல்லைக் கழுவி விற்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அதன் கடினத்தன்மையையும், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் ஏற்றும். இதனால் என்ன கெடுதல் என்பது ஏழாவது படியில் புரியும்.

சோதனை எளிது. கல்லை ஆணியால் கீறி, கீறிய இடத்தில் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது பூந்தொட்டிக்குப் போகட்டும். வெள்ளையாக, சிறு துண்டுகளாக விற்கப்படும் பவளக்கல்லும் இந்த இனம்தான். கடல் மீனுக்கு அது நல்லது. செடித் தொட்டிக்கு வேண்டாம்.

கட்டை விஷயத்தில் நானே ஏமாந்தேன். பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வெட்டி மறுநடவு செய்த இடத்தில் ஒரு வேர் கிடைத்தது. மான்கொம்பு போல அழகாகக் கிளைத்திருந்தது. கடையில் காட்டிக் கேட்டேன். கொதிக்க வைத்துப் போட்டால் போதும் என்றார்கள். கொதிக்க வைத்தேன், போட்டேன். பத்தாம் நாள் அதன் மேல் வெள்ளைக் கோழை படர்ந்தது. அது பல புதிய கட்டைகளுக்கு வருவதுதான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் விரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி போல உள்ளே போனது. வெளியே எடுத்தபோது ஒட்டுப்பால் கொட்டகையின் வாடை. பால்மரக் கட்டை சீக்கிரம் மக்கும் கட்டை. நாற்காலி செய்வதற்குக்கூட மருந்தில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) தண்டும் இப்படியே. தண்ணீரில் தானாக அமிழும், நகத்தால் கீறினால் பள்ளம் விழாத கனமான கட்டையை மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய கட்டையை இரண்டு வாரம் வாளியில் ஊறவையுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும். அது கட்டையிலிருந்து இறங்கும் டானின் சாயம், கெடுதல் இல்லை. ஆனால் அந்த வாளியை மறக்காதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4. அடிமண்

முன்பக்கம் 5 செ.மீ., பின்பக்கம் 7 அல்லது 8 செ.மீ. கனம் வேண்டும். இந்தத் தொட்டிக்கு ஏறக்குறைய 11, 12 லிட்டர். மணலாக இருந்தால் 18 கிலோ அளவு. கடையில் கொடுக்கும் ஐந்து கிலோ மூட்டை ஒன்று அடிக்கண்ணாடியை மறைக்கத்தான் போதும். அதில் நட்ட செடி இரவோடு இரவாக மேலே மிதக்கும். வேர் பிடிக்க ஆழம் இருக்காது.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரண ஆற்றுக் கல் போதும். கழுவும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். கல்லில் சத்து இல்லாததால், செடியின் வேரடியில் புதைக்கும் மீன்தொட்டி உரவில்லைகளைத் தனியே வாங்க வேண்டும். செடிக்கென்றே விற்கும் சுட்ட மண் உருண்டைகளை வாங்கினால் கழுவாதீர்கள், கரையும். அவற்றில் சில முதல் சில வாரங்கள் தாமே அம்மோனியாவைக் கசியவிடும். கடையில் இதை யாரும் சொல்லாததால், அன்றே போட்ட மீன் அன்றிரவே செத்துப்போன கதைகள் உண்டு.

தோட்டத்து உரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன், "மாமா, கடையில் இருந்த ஒருவர் செம்பனைக்குப் போடும் உரத்தையே ஒரு கைப்பிடி கல்லுக்கு அடியில் போடச் சொன்னார், போட்டுவிட்டேன்" என்று வந்து நின்றான். போய்ப் பார்த்தால் கண்ணாடியோரமாக நீலக் குருணைகள் கரைந்து, கல்லுக்கிடையே மை போல இறங்கிக்கொண்டிருந்தன. இந்த உரங்களில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனிய உப்பாகவோ யூரியாவாகவோ இருக்கும். யூரியாவும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். ஒரு கைப்பிடி என்பது ஒரு மரத்தின் அளவு, ஒரு தொட்டியின் அளவு ஆகாது. மொத்தக் கல்லையும் அள்ளிக் கழுவித்தான் மீட்டோம். கோழி எருவுக்கும் இதே பதில்.

5. நடுவது முதலில், நிரப்புவது பிறகு

பலர் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, முழங்கை வரை நனைந்துகொண்டு செடி நடுகிறார்கள். ஒன்றை நட்டால் இன்னொன்று மிதக்கும். கல்லும் கட்டையும் வைத்தபின் கல் நனையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, அந்தச் சேற்றில் நடுங்கள். கையில் ஒரு தெளிப்பான் இருக்கட்டும், இலை காயக்கூடாது.

அதற்கு முன் செடியைப் பார்ப்போம். கடைத் தொட்டியில் தண்ணீருக்குள் நிற்பதாலேயே அது நீர்ச்செடி ஆகிவிடாது. அதிர்ஷ்ட மூங்கில் என்று விற்பது மூங்கிலே இல்லை, நிலத்துச் செடி. வேர் தண்ணீரிலும் இலை வெளியிலும் இருந்தால் வாழும், முழுக்க மூழ்கினால் சில மாதங்களில் மஞ்சளாகி அழுகும். அடிப்பக்கம் ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த இலை, வெள்ளைக் கோடு போட்ட புல், பல வண்ணச் சேம்பு ஆகியவையும் அப்படியே. வண்ணத்துக்காகக் கண் முதலில் போவது இவற்றின் மேல்தான். அழுகிய இலை தண்ணீரைக் கெடுக்கும்போது பழி வடிகட்டிமேல் விழும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: ஜாவா பெரணி, அனூபியாஸ், ஜாவா பாசி, வாலிஸ்னேரியா, ஏதாவது ஒரு கிரிப்டோகோரைன், வேகமாக வளரும் தண்டுச் செடி இரண்டு வகை. கிரிப்டோகோரைன் இனங்கள் சில தீபகற்ப மலேசியாவின் காட்டு ஓடைகளிலேயே வளர்பவை. அதற்காகப் பிடுங்கி வரச் சொல்லவில்லை. தோட்டத்து ஓடையில் கிடப்பதையும் எடுக்காதீர்கள். களைக்கொல்லி எங்கே தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

நடும்போது பார்க்க வேண்டியவை. வேரைச் சுற்றியிருக்கும் மஞ்சள் பஞ்சையும் ஈயப் பட்டையையும் முழுவதும் எடுங்கள். தண்டுச் செடியைக் கட்டாக நட்டால் நடுத்தண்டு வெளிச்சம் படாமல் அழுகும். ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஜாவா பெரணிக்கும் அனூபியாஸுக்கும் இஞ்சி போலப் படுத்திருக்கும் தண்டு இருக்கிறதே, அதைப் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கட்டையில் கட்டுங்கள். "நன்றாக ஆழமாக ஊன்று" என்று கடையில் எல்லாச் செடிக்கும் ஒரே பதில் வரும்.

முதல் நாளே தரையில் மூன்றில் இரண்டு பங்கு செடியாக இருக்க வேண்டும். இரண்டு கட்டு வாங்கி வளர்ந்து பரவும் என்று காத்திருந்தால், அந்தக் காலி இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். செடி நிறைய இருந்தால் அம்மோனியாவையும் அதுவே உறிஞ்சும்.

நட்டு முடித்தபின் ஒரு தட்டையோ பிளாஸ்டிக் பையையோ மேலே விரித்து, அதன் மேல் மெதுவாகத் தண்ணீரை விடுங்கள். அப்போதுதான் கல் குழியாகாது.

முதல் இரண்டு வாரத்தில் பழைய இலைகள் கரையும். கடைச் செடிகள் பல, பண்ணையில் காற்றில் வளர்ந்தவை. தண்ணீருக்கேற்ற புது இலை விட அவற்றுக்கு அவகாசம் வேண்டும். கிரிப்டோகோரைன் மொத்தமாகவே கூழாகி மறையும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும். கரைந்த இலையை மட்டும் கத்தரியுங்கள்.

6. தண்ணீரும் விளக்கும்

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தால் போதும் என்பது பாதி உண்மை. வாய் அகன்ற வாளியில் குளோரின் ஒரு நாளில் வெளியேறிவிடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமின் வெளியேறாது. நீக்கியைப் போட்டால் இந்த ஐயமே வேண்டாம். புட்டியில் குளோரமினையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் பழுதுபார்த்த மறுநாள் செந்நிறமாக வரும் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

விளக்கு முதல் மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம், நேரக்கருவியில். பிறகு ஏழு, எட்டு. "செடிக்கு வெளிச்சம் வேண்டும், அணைக்காதே" என்ற அறிவுரையைக் கேட்டவர் வீட்டில் மூன்றாம் வாரம் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. மேலே சொன்ன செடிகளுக்குக் கரியமில வாயு உருளை தேவையில்லை.

7. மீனில்லாத வாரங்கள்

எல்லாரும் தவறுவது இங்கேதான்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைச் செடி தின்னும், மிச்சத்தைத் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு இல்லை. பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சனிக்கிழமை போட்ட மீன் செவ்வாயன்று சாவதற்கு இதுதான் காரணம்.

சுண்ணாம்புக்கல் இங்கே வருகிறது. அம்மோனியாவில் ஒரு பங்குதான் கடும் நஞ்சு வடிவத்தில் இருக்கும். 28 பாகையில், பிஎச் 7 இருந்தால் அந்தப் பங்கு 0.7 விழுக்காடு. பிஎச் 8 ஆனால் 6.5 விழுக்காடு. அதே தண்ணீர், அதே அழுக்கு, நஞ்சு மட்டும் ஒன்பது மடங்கு. அழகான மலைக்கல் போட்டவர் தொட்டியில் மட்டும் மீன் சீக்கிரம் போவது இதனால்தான்.

செய்ய வேண்டியது: வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிடுங்கள். கட்டைவிரல் அளவு உரித்த இறாலை ஒரு பழைய காலுறையில் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது நாளும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். நுண்ணுயிருக்குச் சாப்பாடு வேண்டுமே. அம்மோனியா கசியும் மண் போட்டவர்களுக்கு இறால் வேண்டாம். அவர்கள் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செடியும் கருகும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து நாள்காட்டியிலேயே எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் அதுவும் இறங்கும். தீனி போட்டுக்கொண்டே இருந்தும் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். செடி அடர்ந்த தொட்டியில் இந்த ஏற்றம் மிகக் குறைவாகவே தெரியலாம்; அப்போதும் நான்கு வாரம் முடியட்டும்.

விரைவுபடுத்த நல்ல வழி ஒன்று உண்டு: நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவர் வடிகட்டிப் பஞ்சில் பாதியைக் கேளுங்கள். கடையில் சொல்வது போல அவர்கள் தொட்டித் தண்ணீரை ஒரு பை வாங்கி வந்து ஊற்றுவதில் பயனில்லை. நுண்ணுயிர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்வது. தண்ணீரோடு வருவது நோய்தான். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவக்கூடாது என்பதும் இதனால். குளோரின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள்.

இனி கொசு. ஆறு வாரம் மீனில்லாமல் தண்ணீர் நின்றால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் கத்துவார்கள். நியாயம்தான். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்கலாம். "அதனால்தான் நான்கு கப்பி மீன் போடச் சொல்கிறேன்" என்பார் தவுக்கே. அதற்குத் தேவையில்லை. வடிகட்டியின் வாயை நீர்மட்டத்துக்கு அருகே வைத்து மேற்பரப்பை அலையவிடுங்கள், மேலே நெருக்கமான வலையைப் போர்த்துங்கள். புழு கொல்லும் மணல் மருந்தைத் தொட்டிக்குள் போடாதீர்கள். பிறகு இறால் வளர்க்க ஆசைப்படுவீர்கள், அதற்கும் அது நஞ்சு.

உண்மையான ஆபத்து பின்கட்டில் இருக்கிறது. கட்டை ஊறும் அந்த வாளி. தொட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்த நான், ஒருநாள் வாளியை அசைத்தபோது கட்டைக்கடியிலிருந்து நெளிந்துகொண்டு கிளம்பியவற்றைப் பார்த்தேன். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு, பத்து நாள் போதும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை வாளியைக் கவிழ்த்து, உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருப்பதால் தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

இடையில் தண்ணீர் பால் போல மங்கும், மூன்றாம் வாரம் கண்ணாடியில் பழுப்புத் தூள் படியும். இரண்டும் தாமே போகும். மருந்து வாங்க ஓடாதீர்கள்.

8. மீன்

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, ஐந்தாறு சிறு மீன் மட்டும். நம் நாட்டு மீனான ஹார்லிகுயின் ரஸ்போரா நல்ல தொடக்கம். பையைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. இரண்டு வாரம் அளவுகள் பூஜ்யத்திலேயே நின்றால் அடுத்த ஐந்து.

இலவசமாகக் கிடைத்த உப்பும் மஞ்சள் மருந்தும் இந்தத் தொட்டிக்குள் வேண்டாம். உப்பு பல செடிகளைக் கருக்கும், மருந்து ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிரைக் கெடுக்கும். நோய் வந்தால் அந்த மீனைத் தனி வாளியில் வைத்து வைத்தியம் பாருங்கள்.

கடைசியாக, "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று ஒரு விரல் நீளக் கறுப்பு மீனைத் தருவார்கள். பெயரே பண்டாராயா மீன், நகராட்சி மீன். அது ஓரடிக்கு மேல் வளரும், வளர்ந்தபின் பாசியை விடத் தீனியையே நாடும், நட்ட செடியை வாலால் பெயர்க்கும், அது போடும் கழிவுக்குத் தனியே ஒரு நகராட்சி வேண்டும். வளர்ந்தபின் ஆற்றில் விட்டுவிடுபவர்களால்தான் நம் ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. நத்தை இரண்டு போதும்.

9. புகை அடிக்கும் நாள்

டிங்கி புகை அடிக்க வரும்போது சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் பயன்படும் பூச்சிமருந்து மனிதரை விட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு கொடியது. புகை அடிக்கும் வண்டியின் ஓசை தாமானின் (குடியிருப்பின்) முதல் சந்தில் கேட்கும்போதே காற்றுப் பம்பை நிறுத்துங்கள். அது அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விளிம்பை ஈரத்துணியால் அடையுங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வடிகட்டி ஓடட்டும்.

புகை கலைந்து ஒரு மணி நேரம் கழித்து விரிப்பை எடுக்கலாம். எடுக்கும் முன் அதன் மேற்பக்கத்தையும் கண்ணாடி விளிம்பையும் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் படிந்திருக்கும். உருவும்போது தொட்டிக்குள் சொட்டும்.